வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம்

"அவங்க மாத்திரையை ஒழுங்கா போடுறாங்களா?" என்று மருத்துவர் கேட்டது என்னிடம் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவரிடம். அவர் கையில் என் இரத்தப் பரிசோதனைத் தாள். டி.எஸ்.எச். 11. ஆறு மாதத்துக்குள் 50 மைக்ரோகிராம் 75 ஆனது, 75 நூறானது. ஒவ்வொரு முறையும் குற்றவாளி நான்தான்.

நான் ஒருநாள்கூட மறக்கவில்லை. ஐந்தரைக்கு எழுந்து மாத்திரையை வாயில் போட்டு, ஐந்து நிமிடத்தில் காபி குடித்து, இரத்தசோகைக்கு வேறொரு மருத்துவர் எழுதிய இரும்புச்சத்து மாத்திரையையும் விழுங்கிவிடுவேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்தால்தான் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்ற முடியும். லெவோதைராக்சின் உடலில் சேர்வதைக் காபி குறைக்கும். இரும்பும் கால்சியமும் குடலிலேயே அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நான்கு மணி நேரமாவது தள்ளிப் போட வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் இரத்தம் எடுக்க வந்த பெண். "காபி எப்போக்கா குடிப்பீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தைராய்டு சுரப்புக் குறைவும் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் பல மடங்கு அதிகம். இரண்டு மாத்திரையும் ஒரே பெண்ணின் கைப்பையில் இருக்கும் என்று ஊகிக்க மருத்துவப் பட்டமா வேண்டும்? 'வெறும் வயிற்றில், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம்' என்று எழுதியவர், யாரோ காபி போட்டுக் கொடுக்கும் வீட்டில் எழுந்து பழகியவராகத்தான் இருக்க வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்தும் போடலாம் என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. (எங்கள் வீட்டில் அதற்கும் நள்ளிரவாகிவிடும், அது வேறு கதை.)

காபியையும் இரும்பு மாத்திரையையும் தள்ளிவைத்தேன். நூறும் முழுசாக உள்ளே போகத் தொடங்கியது. இரண்டு மாதத்தில் நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, தூக்கம் போனது. போய்ச் சொன்னேன். "டென்ஷன்மா. யோகா பண்ணுங்க." நானே வற்புறுத்திப் பரிசோதனை செய்தேன்: 0.1.

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதல்ல. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி, 'இன்னும் சுர' என்று தைராய்டுக்கு அனுப்பும் ஏவல் அது. சுரப்பு குறைந்தால் ஏவல் கூடும். மாத்திரை போடுகிறவளுக்கு எண் ஏறினால் மருந்து போதவில்லை, மிகவும் இறங்கினால் மருந்து அதிகம் என்றுதான் பெரும்பாலும் பொருள். அளவை மாற்றினால் எண் நிலைகொள்ள ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மருந்து அதிகமாகி இப்படியே நீடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயலாம். இவ்வளவையும் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் நமக்கு அருகதை இல்லை. கேட்டால், "போன்ல படிச்சிட்டு வந்தீங்களா?"

நாமே கூட்டிக் குறைத்துக்கொள்வோம் என்று நான் சொல்லவில்லை. அப்படி இறங்கியவர்களும் தெரியும், பட்டதும் தெரியும். நான் கேட்பது வேறு. 'நார்மல்' என்ற ஒரு சொல்லால் வாயை அடைக்காதீர்கள். அந்த வரம்பு பெருங்கூட்டத்தை அளந்து போட்ட கோடு. எண் அதற்குள் வந்த பிறகும் ஒருத்தி அசதி என்றால், இரத்தசோகையா, சர்க்கரையா, தூக்கமே இல்லையா என்று தேடுங்கள். அவள் சொல்வதும் ஒரு பரிசோதனை முடிவுதான்.

இப்போது 75 போடுகிறேன். கோப்பு என் பையில் இருக்கிறது. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் தேதி, அளவு, அன்று உடம்பு எப்படி இருந்தது என்று என் கையெழுத்து. போன முறையும் மருத்துவர் என் கணவர் பக்கம்தான் திரும்பினார். கோப்பை நடுவில் வைத்தேன்.