கச்சத்தீவை மீட்டாலும் தீராத சிக்கல்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. தடைக்காலம் முடிந்து அவை கடலுக்குள் சென்ற சில நாள்களிலேயே, இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைக் கைது செய்த செய்தி வந்துவிடுகிறது. முதல்வர் வெளியுறவுத்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதுகிறார். தூதரகம் வழக்குரைஞரை ஏற்பாடு செய்கிறது. சில வாரங்களிலோ மாதங்களிலோ மீனவர்கள் சென்னை விமான நிலையத்தில் வந்திறங்குகின்றனர். படகுகள் பெரும்பாலும் திரும்புவதில்லை. 2024ஆம் ஆண்டில் மட்டும் 500க்கும் மேற்பட்ட மீனவர்கள் இவ்வாறு கைதாயினர். 2025 ஜனவரியில் நெடுந்தீவு அருகே நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஐவர் காயமடைந்தபோது, தில்லியில் உள்ள இலங்கையின் பொறுப்புத் தூதரை அழைத்து இந்தியா கண்டனம் தெரிவித்தது.

இவை இரண்டும் பகை நாடுகள் அல்ல என்பதுதான் விந்தை. 2022இல் இலங்கை அந்நியச் செலாவணி இன்றித் திவாலானபோது, ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கடனுதவி, எரிபொருள், செலாவணிப் பரிமாற்றம் எனப் பல வழிகளில் இந்தியா கைகொடுத்தது. தமிழக அரசும் 40 ஆயிரம் டன் அரிசியையும் பால் மாவையும் மருந்துகளையும் அனுப்பியது. பன்னாட்டு நிதியத்தின் கடனுக்குத் தேவையான உறுதிமொழியை முதலில் அளித்த நாடும் இந்தியாவே. 1987 ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஜனதா விமுக்தி பெரமுனவின் இன்றைய தலைவர் அநுர குமார திசாநாயக்க, அதிபரானதும் முதல் வெளிநாட்டுப் பயணமாகத் தில்லிக்குத்தான் வந்தார். 2025 ஏப்ரலில் பிரதமர் கொழும்பு சென்றபோது பாதுகாப்புத் துறையில் புரிந்துணர்வு உடன்பாடும் கையெழுத்தானது.

மேல்மட்டத்தில் இத்தனை நெருக்கம் இருக்க, கடலில் மட்டும் ஏன் இந்த ஓயாத உரசல்? இக்கேள்விக்குத் தமிழக அரசியல் அரை நூற்றாண்டாக ஒரே விடையைத்தான் சொல்லிவருகிறது: கச்சத்தீவு. 2025 ஏப்ரல் 2 அன்று சட்டப்பேரவை அதனை மீட்க வலியுறுத்தி மீண்டும் தீர்மானம் நிறைவேற்றியது. முந்தைய ஆண்டு மக்களவைத் தேர்தலிலும் அதுவே பேசுபொருள்.

இதில் உணர்வுபூர்வமான நியாயம் உண்டு. 1974 ஜூனில் கையெழுத்தான உடன்பாடு, தமிழக மக்களையோ சட்டப்பேரவையையோ கேட்டுச் செய்யப்பட்டதல்ல. அன்றைய கருணாநிதி அரசு எதிர்த்தது. 1976இல் பரிமாறப்பட்ட கடிதங்கள், ஒருவர் எல்லைக்குள் மற்றவர் மீன்பிடிப்பதற்கும் முற்றுப்புள்ளி வைத்தன. இரு நாடுகளுக்கும் இடையிலான உடன்பாடுகள் பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்ந்திருக்கின்றன. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என மலையகத் தமிழர்கள் பங்கிடப்பட்டனர். மீதமிருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பத்தாண்டு கழித்துச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட அம்மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. 1987 ஜூலை 29 ஒப்பந்தமும் ஈழத்தமிழர் பெயரால் செய்யப்பட்டதே. ஆனால், கையெழுத்திட்டவர்கள் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும். அதன்பின் நடந்தவை நாம் அறிந்தவை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமரை இழந்தோம். அவ்வொப்பந்தம் ஈன்ற மாகாண சபைகளுக்கோ, வடக்கில் 2013க்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை.

எனவே கச்சத்தீவைப் பற்றிய மனக்குறை பொய்யானதன்று. ஆனால் மனக்குறை வேறு, மீன்பிடிச் சிக்கலுக்கான தீர்வு வேறு. 285 ஏக்கர் பரப்புள்ள அத்தீவின் மேற்குக் கரையிலிருந்து கடல் எல்லை ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் வரையப்பட்டுள்ளது. நாளையே தீவு நம் கைக்கு வந்தாலும் எல்லைக்கோடு அவ்விடத்தில் சில மைல்கள் நகரும், அவ்வளவே. நம் படகுகள் பிடிபடும் செய்திகளில் வரும் பெயர்களைக் கவனியுங்கள்: நெடுந்தீவு, காரைநகர், பருத்தித்துறை, முல்லைத்தீவு. இவை எவையும் கச்சத்தீவின் மடியில் இல்லை. வடமாகாணக் கரையோரம் வரை நம் விசைப்படகுகள் செல்கின்றன என்பதே உண்மை. ஏன் செல்கின்றன என்பது வரைபடக் கேள்வியன்று, பொருளியல் கேள்வி.

இழுவை மடி என்பது கனத்த பலகைகளும் சங்கிலியும் பூட்டிய வலையைக் கடலின் தரையோடு தரையாக இழுத்துச் செல்வது. குஞ்சும் முட்டையும் கடற்புல்லும் அதற்கு ஒன்றே. 1950களில் கேரளத்தில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டத்தின் வழியாக இத்தொழில்நுட்பம் வந்தது. பிறகு அரசு மானியத்துடன் தமிழகக் கரையெங்கும் பரவியது. இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை இருந்தது, டாலர் வந்தது. ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் நம் பக்கத்துக் கடற்பரப்பு சில பத்தாண்டுகளிலேயே வறண்டது. அதே காலத்தில் அக்கரையில் போர். வடக்கு மீனவர்கள் கடலுக்குச் செல்ல ஆண்டுக்கணக்கில் தடையும் கட்டுப்பாடும் இருந்தன. ஆளில்லாத அந்தக் கடலில், உயிரைப் பணயம் வைத்தேனும், நம் விசைப்படகுகள் மீன்பிடித்தன. அவற்றின் எண்ணிக்கையும் குதிரைத்திறனும் அந்த அசாதாரணக் காலத்தின் அளவுக்கு வளர்ந்துவிட்டன. 2009இல் போர் முடிந்து, எல்லாவற்றையும் இழந்த வடக்கு மீனவர் சிறு கண்ணாடியிழைப் படகுடன் கடலுக்குத் திரும்பியபோது, அங்கே ஏற்கெனவே நாம் இருந்தோம்.

அதே 2009இல்தான் எலினோர் ஆஸ்ட்ரோமுக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. பொதுவளங்களை அரசோ தனியுடைமையோ இல்லாமல் பயனாளிகளே விதி வகுத்துக் காக்க இயலும் என்று காட்டியவர் அவர். வகுப்பில் இதனைக் கற்பிக்கும்போதெல்லாம் நான் பாக் விரிகுடாவையே எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் 1970களில் மோதல் முற்றியபோது, வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று ராமநாதபுரம் கரையில் ஏற்பாடு செய்யப்பட்டது. இன்றும் அது வழக்கில் உள்ளது. அருமையான ஏற்பாடு. ஆனால், அதில் அக்கரை மீனவருக்கு ஒரு நாளும் ஒதுக்கப்படவில்லை. நம் விசைப்படகுகள் வரும் அந்த மூன்று இரவுகளில் யாழ்ப்பாண, மன்னார் மீனவர்கள் வலை விரிக்க அஞ்சிக் கரையில் இருந்துவிடுகின்றனர். துணிந்து விரித்தவரின் வலையைக் காலையில் துண்டுகளாகப் பொறுக்கியெடுக்க வேண்டியதுதான்; கடன் வாங்கி வாங்கிய வலை அது. 'றோலர்' என்ற சொல் வடக்கில் எவ்வளவு கசப்போடு உச்சரிக்கப்படுகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. அவர்கள் யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத்தூதரகத்தின் முன் நின்று போராடியது நம் தொலைக்காட்சிகளில் எத்தனை நிமிடம் இடம்பெற்றது?

சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு இதனை விளக்குவது கடினமன்று. 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்.எல்.சி.யின் கால்வாய்ப் பணிக்காக, விளைந்துநின்ற நெற்பயிர் மீது மண்வெட்டும் இயந்திரங்கள் ஏறின. நிலம் எப்போதோ கையகப்படுத்தப்பட்டது, சட்டப்படி நிறுவனத்துடையது என்ற வாதத்தை அன்று நாம் ஏற்கவில்லை. பயிரிட்டவன் கண்ணெதிரே பயிரை அழிப்பதா என்றே கேட்டோம். உயர் நீதிமன்றமும் வேதனை தெரிவித்து இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. முல்லைத்தீவு மீனவரின் அறுந்த வலை அந்த நெற்பயிர் அன்றி வேறென்ன? அங்கே சட்டமும்கூட அவர் பக்கமே இருக்கிறது. 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியைத் தன் நாட்டவருக்கும் சேர்த்தே தடை செய்துவிட்டது.

வெள்ளாறு நம் அணைக்கட்டைத் தாண்டிச் சென்று கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டை முதல் தேவனாம்பட்டினம் வரை, நம் மாவட்டக் கரையிலும் இதே வழக்கு வேறு பெயரில் நடந்துகொண்டிருக்கிறது. சுருக்குமடி வலைக்கு ஒரு சாரார், அதற்கு எதிராக இன்னொரு சாரார். வாரத்தில் இரு நாள்கள், 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும் என உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால உத்தரவிட வேண்டிவந்தது. பெரிய வலைக்கும் சிறிய வலைக்கும் இடையிலான வழக்கு கடலூரில் நடந்தால் மீனவர் பிரச்சினை. பாக் நீரிணையில் நடந்தால் மட்டும் இனப்பிரச்சினையும் எல்லைப் பிரச்சினையும் ஆகிவிடுகிறது.

இவ்வாறு சொல்வதால் இலங்கைக் கடற்படையின் செயலை நியாயப்படுத்துவதாக எவரும் கருத வேண்டியதில்லை. நிராயுதபாணியான கூலித் தொழிலாளியை நோக்கிச் சுடுவதற்கு எந்த மீன்வளச் சட்டமும் இடம் தராது. 2024 ஆகஸ்டில் ராமேசுவரம் மீனவர் ஒருவர் கடற்படைக் கலம் மோதியதில் உயிரிழந்தார். அதற்கு முந்தைய ஜூனில் நம் படகைப் பிடிக்கும் முயற்சியில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவரும் இறந்தார். மேலும், தமிழனுக்கும் தமிழனுக்கும் இடையே மூண்டுள்ள இச்சச்சரவு கொழும்புக்கு ஒரு வசதிதான். வடக்கு மக்களின் காவலனாகத் தன் கடற்படையைக் காட்டிக்கொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. 2024 நவம்பர் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்திலேயே ஆளும் கூட்டணி முதலிடம் பெற்றதைத் தமிழகக் கட்சிகள் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்கலாம்.

சிறையில் வாடுபவர் பெரும்பாலும் படகின் உரிமையாளர் அல்லர். பங்குக் கூலிக்குச் செல்லும் தொழிலாளி. வரி விலக்கு டீசல் படகுக்குக் கிடைக்கிறது, பிடிபட்ட படகுக்கு நிவாரணமும் கிடைக்கிறது. எல்லை தாண்டுவதன் இடர்ப்பாட்டை அரசும் தொழிலாளியும் சுமக்க, ஆதாயம் வேறிடம் சேர்கிறது. இந்த ஏற்பாடு நீடிக்கும் வரை எத்தனை கடிதங்கள் எழுதினாலும் படகுகள் செல்லத்தான் செய்யும்.

மாற்றுவழி அரசிடம் இல்லாமலில்லை. 2017இல் தொடங்கிய ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தில், 1,600 கோடி ரூபாயில் 2,000 இழுவைப் படகுகளை விலக்கி, சூரை பிடிக்கும் படகுகளாக மாற்றுவதாக அறிவிக்கப்பட்டது. மூன்றாண்டுகளில் முடிய வேண்டியது. இலக்கின் அருகில்கூடப் போகவில்லை. காரணம் எளிது. 80 லட்ச ரூபாய்ப் படகில் உரிமையாளரின் பங்கும் வங்கிக் கடனுமாக 24 லட்சம் அவர் தலையில் விழுந்தது. மாலை சென்று காலை திரும்பிப் பழகியவரை, வாரக்கணக்கில் கடலில் தங்கும் வேறொரு தொழிலுக்கு மாறச் சொன்னார்கள். இத்தொகையையும் நாம் கொழும்புக்கு அளித்த உதவியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. 1,600 கோடி என்பது அதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு.

புதுப் படகு கொடுப்பதைவிடப் பழைய படகை நியாயமான விலைக்கு வாங்கி உடைத்துவிடுவதும், அதில் வேலை செய்தோருக்குச் சில ஆண்டுகள் வாழ்வூதியம் அளிப்பதும் குறைந்த செலவில் முடியும். மீனவர்கள் இதற்கு எதிரானவர்கள் என்பதும் முழு உண்மையன்று. 2010 ஆகஸ்டில் இருகரை மீனவர்களும் நேரில் பேசியபோது, ஓராண்டுக்குள் இழுவை மடியைக் கைவிட நம் பிரதிநிதிகள் இசைந்தனர். அந்த உடன்பாட்டை எந்த அரசும் தன்னுடையதாக ஏற்கவில்லை. 2016 நவம்பரில் அமைக்கப்பட்ட அதிகாரிகளின் கூட்டுப் பணிக்குழு கூடுகிறது, கலைகிறது. அதில் வடக்கின் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் நம் படகுத் தொழிலாளர்களுக்கும் நாற்காலி போடுவதற்கு இரு நாட்டு அரசுகளும் இசைய வேண்டும். முதல் நூறு படகுகளை விலைக்கு வாங்கத் தமிழக அரசு அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்குவதற்குக் கொழும்பின் ஒப்புதல்கூடத் தேவையில்லை.