பேல் உடுப்பும் ஆறுமணிக் குருவியும்

டிசம்பர் பிறந்தால் போதும், எங்கள் கம்பஸ் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரிப் படங்கள் வர ஆரம்பிக்கும். பின்னால் தேயிலை மலை, அதற்கு மேல் புகைமாதிரிப் பனிமூட்டம், கையில் சுடச்சுட பிளேன்டீ, உடம்பில் புது ஜெக்கட். கீழே 'லிட்டில் இங்லண்ட்' என்று ஒரு வரி. போடுகிறவர்கள் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் நுவரெலியாவுக்கு ஏறிவந்த எங்கள் நண்பர்கள்தான். படத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா அந்தப் படத்துக்குள்ள குளிர் இல்ல. அதைப் பத்தித்தான் இங்க பேசப் போறோம்.

நாங்கள் என்றால், மலையகத்திலிருந்து கலைப்பீடத்துக்கு வந்த நாலைந்து பேர். கந்தப்பளை, இராகலை, தலவாக்கலை என்று ஆளுக்கொரு பக்கம். இலங்கைக்குக் குளிர்காலம் கிடையாது என்றுதான் பாடசாலையில் படித்தோம். இரண்டு பருவப்பெயர்ச்சி, நடுவில் இரண்டு இடைப்பருவம், அவ்வளவுதான். பரீட்சையிலும் அப்படியே எழுதிப் புள்ளி வாங்கினோம். வீட்டுக்கு வந்தால் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்க முடியாது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரம். டிசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை மழை விட்டு வானம் வெளித்த இரவுகளில், பகலில் ஏறின சூடு எல்லாம் மேலே போய்விடும். குளிர்ந்த காற்று பாரமாகி பள்ளத்தில் வந்து தேங்கும். விடியும்போது புல்லுக்கு மேலே வெள்ளையாக மா தூவின மாதிரிக் கிடக்கும். வானிலை அறிக்கையில் இதற்கு 'துகள் உறைபனி' என்று ஒரு பெயர் உண்டு. அடுத்த நாள் பத்திரிகையில் அழகான படம் வரும்.

அந்தப் படத்தில் வராதது என்னவென்றால், உறைபனி விழுந்த கொழுந்து வெயில் ஏறியதும் கருகிப் போகும் என்பது. கருகினதைப் பறிக்க முடியாது. பறித்த எடை குறைந்தால் முழுப்பேர் இல்லை, அரைப்பேர். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆவதற்கே பல வருடம் கத்த வேண்டியிருந்தது. 2021 இல்தான் கிடைத்தது. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. அதிலும் பாதி என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். லயத்துக்குள் தகரக் கூரை வேறு. ராத்திரி அடுப்புச் சூடும் எங்கள் மூச்சும் மேலே போய்த் தகரத்தில் பட்டு நீராகி, விடியக்காலையில் சொட்டுச் சொட்டாக முகத்தில் விழும். வெளியே மழையே இருக்காது. வெளியூர்ச் சிநேகிதி ஒருத்தி எங்கள் வீட்டில் தங்கியபோது, "கூரை ஓட்டையா?" என்று கேட்டாள். இல்லை, அது நாங்கள் விட்ட மூச்சுத்தான்.

குளிருக்கு எங்களிடம் இருக்கிற ஒரே நல்ல பதில் பேல் பஜார். நுவரெலியா டவுனுக்கு வந்தவர்களுக்குத் தெரியும், வரிசையாகக் கடைகள், மேலே தொங்குகிற ஜேர்சி, ஜெக்கட், தொப்பி, குழந்தைப் பிள்ளைகளின் கம்பளிச் சப்பாத்து. வெளிநாட்டில் யாரோ உடுத்திக் கழித்தது, கார்மென்ட் பெக்டரியில் ஏதோ தையல் பிழையால் ஒதுக்கினது, உண்மையிலேயே புதுசு, எல்லாம் கலந்து கிடக்கும். அழுத்திக் கட்டிய மூட்டையாக வருவதால் பேல். எங்கள் அம்மாமார் அதில் கை வைக்கிற விதத்தை ஒரு கலை என்றே சொல்லலாம். நிறத்தைப் பார்க்க மாட்டார்கள். முதலில் கழுத்துப் பட்டையை இழுத்துப் பார்ப்பார்கள். பிறகு முழங்கைப் பக்கம் வெளிச்சத்துக்குப் பிடித்து, நூல் மெலிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிப்பை ஏற்றி இறக்குவார்கள். கடைசியில் மணந்து பார்ப்பார்கள். அந்த மணம் எங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது: ஒரு மாதிரி மருந்து வாசம், பழைய அலுமாரி வாசம், தெரியாத ஒரு வீட்டின் வாசம். ஒருமுறை எங்களில் ஒருத்திக்குக் கிடைத்த ஸ்வெட்டரின் உள்ளே 'மேட் இன் ஸ்ரீலங்கா' என்று இருந்தது. அவளுடைய சித்தி அப்போது கட்டுநாயக்கவில் கார்மென்டில் வேலை. சித்தியே தைத்திருக்கலாம் என்று வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். கப்பல் ஏறிப் போய், எங்கேயோ ஒரு குளிரில் யாருக்கோ உழைத்து, திரும்பக் கப்பல் ஏறி, மூட்டையாகி மலை ஏறி வந்திருக்கிறது. எங்கள் சனத்தின் கையில் பட்ட துணி எங்களிடமே பாதி விலைக்கு வந்து சேர்வதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. அநியாயமும் இருக்கிறது.

பாடசாலைக் காலத்தில் 'பேல்' என்பது ஒரு வசைச்சொல். யாருடைய ஜெக்கட் புதுசு, யாருடையது பேல் என்று பின்வரிசையில் ஒரு கணக்கு ஓடும். வீட்டில் போய் அழுதால், "பேல்ல எடுத்தா என்னடி, அது குளிருக்குத் தெரியுமா?" என்று ஒரே கேள்வியில் அம்மா முடித்துவிடுவார்.

கம்பஸ் வந்த பிறகு அதே மாதிரிச் சாமானுக்கு வேறு பெயர் இருப்பதைப் பார்த்தோம்: 'திரிஃப்ட்'. இன்ஸ்டகிராமில் கடை வைத்திருக்கிறார்கள். 700 ரூபாவுக்கு நாங்கள் எடுத்த மாதிரி ஒரு கோர்டுரோய் ஜெக்கட் அங்கே 3,500. துவைத்து, அயர்ன் பண்ணி, ஒரு கறள் பிடித்த கதவுக்கு முன்னால் படம் எடுத்திருக்கிறார்கள். அதுவும் உழைப்புத்தான், தபால் செலவும் இருக்கிறது. விலையைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. சொல் மாறியதும் அழுக்கு போய்விடுகிறதே, அதுதான் உறுத்துகிறது. எங்க அம்மா போட்டா பேல், கொழும்புல ஒரு பிள்ளை போட்டா ஸ்டைல், சூழல் பாதுகாப்பு. துணி ஒன்றுதான், போடுகிற உடம்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. எங்கள் நண்பர்கள் சிலர் இப்போது, "உங்கட அம்மம்மாமார்தான் உண்மையான சூழலியலாளர்கள்" என்று எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எங்கள் பாட்டிமார் பூமியைக் காப்பாற்றுவதற்காகப் பழைய உடுப்பு வாங்கவில்லை. சம்பளம் அவ்வளவுதான் இருந்தது. அவர்களிடம் காசு இருந்தால் புதுசுதான் வாங்கியிருப்பார்கள், அதற்கு அவர்களுக்கு உரிமையும் உண்டு. தீபாவளிக்கு எந்த வீட்டிலும் பேல் உடுப்பு ஏறாது. தோட்டத்தில் முற்பணம் எடுத்து, மாதாமாதம் சம்பளத்தில் வெட்டக் கொடுத்து, புதுச்சேலையும் புதுச்சட்டையும்தான். "கடன் வாங்கிப் புதுசு உடுக்கணுமா?" என்று கேட்கிற ஆட்கள் எங்கள் படித்த கூட்டத்திலேயே இருக்கிறார்கள். வருசம் முழுக்க யாரோ கழித்ததை உடுத்துகிறவளுக்கு, ஒரு நாளைக்கு முதல் ஆளாக ஒரு துணியைப் பிரித்து உடுப்பது எவ்வளவு பெரிய விசயம் என்று அவர்களுக்கு விளங்கப் போவதில்லை.

உடுப்பு என்றதும் ஒரு குருவி ஞாபகம் வருகிறது. ஆறுமணிக் குருவி. விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் கூவுவதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, மஞ்சள் கலந்த பழுப்பு நெஞ்சு, வாலடியில் சிவப்பு, சிறகில் ஒரு துண்டு நீலம் என்று உடம்பில் இல்லாத நிறமில்லை. வட இந்தியாவிலிருந்தும் இமயமலை அடிவாரத்திலிருந்தும் ஒக்டோபர் பக்கம் இங்கே வந்து, ஏப்ரலுக்குள் திரும்பிவிடும். வந்து இறங்கும் நாட்களில் களைத்துப்போய் வீட்டுக்குள்ளேயே வந்து விழுவதும் உண்டு. சிங்கள ஊர்க்கதையில் இதன் அழகான உடுப்பை மயில் களவெடுத்துவிட்டதாம்; அதனால்தான் இன்றுவரை 'என் உடுப்பு, என் உடுப்பு' என்று கத்துகிறதாம். எங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னது கூடப் படிக்கிற சிங்கள நண்பி ஒருத்தி. பேல் பஜாரில் தேடிப் பார்க்கச் சொல்லு என்றோம்.

நுவரெலியா விக்டோரியா பார்க்குக்கு இந்த மாதங்களில் பெரிய லென்ஸோடு வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். பூப்பாத்திப் பக்கம் போக மாட்டார்கள். மரநிழலில் ஈரச் சருகு கிடக்கிற ஓடை ஓரமாக, மணிக்கணக்கில் அசையாமல் நிற்பார்கள். காஷ்மீர் ஈப்பிடிப்பானைப் பார்க்கத்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற குருவி. ஆணுக்குத் தொண்டையும் நெஞ்சும் செங்கல் சிவப்பு, ஓரத்தில் கறுப்புக் கரை. இமயமலையிலிருந்து வருகிற கறுப்பு வெள்ளைப் பூங்குருவி ஒன்றும் அதே சருகைக் கிளறிக்கொண்டு திரியும். இலங்கைப் பறவைகளைப் பற்றி 1955 இல் வெளிவந்து, இன்றும் பேசப்படுகிற கையேட்டை எழுதிய ஜீ.எம். ஹென்றி, 1891 இல் இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துத் துரையின் மகன். அவர் சின்ன வயதில் கேட்ட குருவிகள் லயத்துப் பிள்ளைகளுக்கும் கூவியிருக்கும். அந்தப் பிள்ளைகள் விடியக்காலையில் பிரட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். ஹென்றியின் உழைப்பைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. குருவி பார்க்கக் கண் மட்டும் போதாது, சும்மா நிற்க நேரமும் வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் கவிதை எழுதுகிறவர்கள் வலசைப் பறவையைக் கண்டால் விடமாட்டார்கள். பாஸ்போர்ட் இல்லாத பறவை, எல்லை தெரியாத சிறகு என்று தொடங்கிவிடுவார்கள். எங்களுக்கு அந்த உவமையில் விருப்பமில்லை. 1948 இல் குடியுரிமை போனது. 1964 இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டு, ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் அந்தப் பக்கம், மூன்று லட்சம் பேர் இந்தப் பக்கம் என்று பிரித்தார்கள். மிச்சப் பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். அப்படிப் போன எங்கள் சொந்தக்காரர் பலர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், திரும்பவும் கொழுந்துதான் பறித்தார்கள். காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிருக்கு ஒதுங்குகிற இடங்களில் எங்கள் மலையும் ஒன்று, நீலகிரியும் ஒன்று. பிரிந்த குடும்பத்தின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே குருவி வருகிறது. ஆனால் குருவி வந்த வழியே திரும்பிப் போகும். பெரியப்பா போனவர் போனவர்தான்.

சரி, சோடனைக்கு வருவோம். மார்கழி எங்கள் பக்கம் இரட்டைத் திருவிழா. விடியற்காலை நாலு மணிக்கு மப்ளரைச் சுற்றிக்கொண்டு லயம் லயமாகப் பஜனை போகும். அதே லயத்தில் இரண்டு காம்பிரா தள்ளி நத்தார் நட்சத்திரம் தொங்கும். மூங்கில் சீவி, டிசு ஒட்டி, உள்ளே பல்ப் வைத்த நட்சத்திரம். அந்த மூங்கில் பெரும்பாலும் மே மாதம் வெசாக் கூட்டுக்கு எடுத்து வைத்ததுதான். சைப்ரஸ் கிளை ஒன்றைப் பால்மா டின்னில் நட்டு, டொபித் தாளை முறுக்கித் தொங்கவிட்டு, மேலே பஞ்சு பிய்த்துப் போட்டால் மரம் ரெடி. அந்தப் பஞ்சைப் பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். வாசலில் உண்மையான உறைபனி கிடக்கும்போது, வாழ்த்து அட்டையில் கண்ட இங்லண்டுப் பனிக்காக ஏன் பஞ்சைப் பிய்க்க வேண்டும் என்று ஒருத்தன் கேட்டான். வாசலில் கிடக்கிறது அரைப்பேர், மரத்தில் கிடக்கிறது பண்டிகை, இரண்டும் ஒன்றா என்று அவன் தங்கச்சி திருப்பிக் கேட்டாள். நாங்கள் தங்கச்சி பக்கம்.

எங்களுக்குப் பிடிக்காத சோடனை வேறு. போன வருசம் ஒரு ஹோட்டல் வாசலில், நத்தார் மரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, மேலே கம்பளி போர்த்தி, சுற்றிவர மின்மினி லைட் போட்டிருந்தார்கள். பக்கத்தில் நெற்றிப் பொட்டோடு, கொழுந்து பறிக்கிற பொம்மைப் பெண். பலர் அதோடு படம் எடுத்தார்கள். பல தோட்டங்களில் இப்போது பிரம்புக் கூடையே இல்லை, பைதான். ஆளுக்கும் கூடைக்கும் வேலை போன பிறகு அலங்காரமாக வைக்கிறார்கள். அதற்கு எதிராக மனு எழுதுவோமா என்றும் யோசித்தோம். யாருக்கு எழுதுவது?

மலைக்கு வருகிற நண்பர்களிடம் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. வாங்க. ஜெக்கட்டைக் கொழும்பில் வாங்கிக்கொண்டு வராமல் பேல் பஜாரில் வாங்குங்க. படத்துக்குக் கீழே 'பேல்' என்றே போடுங்க. ஒரு நாளாவது விடுதியில் படுக்காமல் எங்கள் வீட்டில் படுத்து எழும்புங்க. பிளேன்டீயும் ரொட்டியும் இடிச்ச சம்பலும் நிச்சயம். தகரத்துச் சொட்டுக்கு மட்டும் தலைமாட்டை மாற்றிப் போட வேண்டிவரும்.

நாங்களும் இந்த லீவுக்கு ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். தோட்டத்து மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கொப்பி. காலையில் என்ன குருவி கண்டார்கள், எங்கே, என்ன செய்துகொண்டிருந்தது என்று தமிழில் எழுத வேண்டும்; பெயர் தெரியாவிட்டால் வைக்க வேண்டும். காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்ற பெயர் அவர்களுக்கு நீளமாம். ஒரு பையன் 'செந்தொண்டையன்' என்று எழுதியிருக்கிறான். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று அதை வெட்டிவிட்டு, நெஞ்சுச் சிவப்பைப் பார்த்து 'ஜேர்சிக் குருவி' என்று எழுதியிருக்கிறது. அந்த ஜேர்சி புதுசா, பேலா என்று இப்போது வகுப்பில் சண்டை.