மண்வள அட்டையும் உர விலையும்

இந்தியாவில் மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கி வைக்கப்பட்டது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து உள்ளிட்ட 12 கூறுகளைச் சோதித்து, எந்த உரம் எவ்வளவு தேவை என்று அட்டை பரிந்துரைக்கிறது.

ஆனால் தொடக்க விதிகளின்படி, பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரியே எடுக்கப்பட்டது. சராசரி நிலவுடைமையோ, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 1.08 ஹெக்டேர்தான். ஆகவே, விவசாயியின் கையிலுள்ள அட்டை அண்டை வயலின் மண்ணைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் விலை. 2010இல் மற்ற உரங்களுக்கான மானிய முறை மாற்றப்பட்டு அவற்றின் விலை ஏறியபோது, யூரியா விலை மட்டும் அரசுக் கட்டுப்பாட்டிலேயே நீடித்தது. யூரியாவைக் குறைக்குமாறு அட்டை கூறினாலும், அதையே கூடுதலாக இடுமாறு விலை தூண்டுகிறது. கடன் வாங்கிப் பயிரிடும் சிறு விவசாயி விலைக்கே செவிசாய்ப்பார். மானியக் கொள்கை மாறாதவரை மண் பரிசோதனையின் பலன் வயலை முழுமையாக எட்டாது.