கடல் விலகிய ஊர்



பணியின் பொருட்டு இங்கிலாந்துக்கு வந்த இரண்டு ஆண்டுகளில், திரும்பும் நாளை எண்ணினோமேயன்றி இம்மண்ணை ஏறிட்டுப் பார்த்தோமில்லை. வார இறுதிகள் துணி துவைப்பதிலும் உறக்கத்திலும் கழிந்தன. சென்ற சனிக்கிழமை வானம் தெளிந்து இளவெயில் பரவவே, தென்கிழக்குக் கரையோர ரை நகருக்குப் புறப்பட்டோம்.

ஒருகாலத்தில் ஏறக்குறையக் கடல் சூழ்ந்திருந்த துறைமுகம் அது. வண்டல் படிந்து துறை தூர்ந்தது. இன்று கடல் 3 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறது. கற்கள் பாவிய மெர்மெய்ட் தெருவில் அவசரமின்றி ஏறினோம். 1377-இல் பிரெஞ்சுப் படையினர் இவ்வூரை எரித்து, புனித மரியாள் ஆலய மணிகளையும் கவர்ந்து சென்றனர். மறு ஆண்டே அவை மீட்கப்பட்டன. ஆலயத்தின் அருகிலுள்ள லாம்ப் இல்லத்தில் பல்லாண்டு வாழ்ந்த எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸும் அமெரிக்காவில் பிறந்து இங்கே வந்தவரே. 1915-இல்தான் அவர் இந்நாட்டுக் குடிமகனானார்.

ஞாயிறன்று அண்டை ஊரான வின்செல்சீக்குச் சென்றோம். பழைய ஊர் 1287-ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அழிந்தது. முதலாம் எட்வர்டு மன்னர் காலத்தில் குன்றின்மேல், நேர் நேரான தெருக்களுடன் புதிய ஊர் எழுந்தது. அங்கே புல்தரையில் வெயில் காய்ந்தவாறு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். கடலை இழந்த ஊரும் நிலத்தை இழந்த ஊரும் இன்னும் வாழ்கின்றன. நாமோ, இழக்காத சொந்த ஊரை எண்ணி, இருக்கும் ஊரில் வாழாதிருந்தோம்!

அயல்நாட்டில் பிள்ளைகளை உடைய பெற்றோரே, அடுத்த முறை பேசுகையில் சம்பளத்தை மட்டும் விசாரியாதீர்கள். “அங்கே வெயில் அடிக்கிறதா? எந்த ஊரைப் பார்த்தாய்?” என்றும் கேளுங்கள்.