பெயரைக் காத்தால் போதுமா?

இராயபுரத்துக் கடைத்தெருவில் பன்னீர்த் திராட்சை வாங்குகையில் நாம் விலை கேட்கிறோம். விளைந்த மண் எதுவெனக் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே எம் கட்சி.

திராட்சைத் தேறல் தமிழ்நிலத்துக்குப் புதிதன்று. யவனர் கொணர்ந்த தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் குறிப்பிடுகிறார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அன்று கடல்வழி வந்த பண்டம், இன்று மேற்கு மலையடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலேறிக் காய்க்கிறது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொணர்ந்த கொடி என்பது அங்குள்ள வழக்கு. உண்ணவும் ஒயின் வடிக்கவும் அப்பழம் உதவுகிறது.

குளிர்நாட்டுக் கொடி பனிக்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். கம்பத்துக் கொடிக்கு அந்த உறக்கமில்லை. கவாத்து செய்து காய்க்க வைக்கிறார்கள். ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடை. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துக் காலம் மாறுவதால் ஆண்டு முழுதும் பழம் கிடைக்கிறது. ஆனால் ஓய்வறியாக் கொடியை ஈரக்காலத்தில் அடிச்சாம்பல் நோய் பற்றும்; பூசணக்கொல்லி தெளிக்க நேரும். மாசுமருவற்ற குலையை மலிவாகக் கேட்கும் நமக்கும் அத்தெளிப்பில் பங்குண்டு.

மண்ணும் நீரும் காற்றும் கைப்பழக்கமும் கூடிப் பிறக்கும் தன்மையைப் பிரெஞ்சுக்காரர் 'தெர்வார்' என்பர். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்த தொல்காப்பியம் படித்தோர்க்கு இது விளங்காததன்று. 2023இல் கம்பம் பன்னீர்த் திராட்சை புவிசார் குறியீடு பெற்றது. உழவர்க்கு அதனால் நல்ல விலை கிட்டுமாயின் மகிழ்ச்சியே. எனினும் அக்குறியீடு காப்பது பெயரை, மண்ணையன்று.

இந்த வேறுபாட்டை வடசென்னை அறியும். கொசஸ்தலை ஆற்று நீரும் கடல்நீரும் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தின் இறாலுக்கும் ஒரு நிலச்சுவை உண்டு. இருளர் அதைச் சேற்றில் கையால் துழாவிப் பிடிப்பர். அக்கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவி, வலையும் படகும் அலையாத்திச் செடிகளும் கறுத்தன. எண்ணூர் என்னும் பெயருக்கு மட்டும் ஒரு குறையும் நேரவில்லை.

ஆகவே, குறியீடு வழங்கும்போதே அவ்விடத்து மண்ணையும் நீரையும் ஆண்டுதோறும் சோதித்து வெளியிடும் கடமையையும் விதிக்க வேண்டும். தெளிப்பைக் குறைக்கும் சிறு உழவரின் புள்ளி விழுந்த குலைக்கும் நாம் உரிய விலை தர வேண்டும். கழிமுகம் கெட்டபின் விழித்தவர்கள் நாம். பள்ளத்தாக்கிலேனும் முன்னரே விழிப்போமே!