கரையைக் காத்தால் ஒளி நிலைக்கும்

கோல சிலாங்கூர் மாவட்டத்திலுள்ள கம்போங் குவாந்தான் மின்மினிகளால் புகழ்பெற்ற சிற்றூர். இருள் சூழ்ந்ததும், சிலாங்கூர் ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் எண்ணற்ற மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிவிட்டு அணைகின்றன. துடுப்புப் படகில் சென்று இக்காட்சியைக் காண்போர் மரங்களை அண்ணாந்து பார்த்து வியக்கின்றனர். ஆனால், அந்த ஒளிக்கு மூலமான ஆற்றங்கரையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மின்மினி வண்டினத்தைச் சேர்ந்தது. வலை போன்ற சிறகுகளையுடைய செந்நிற வண்டுகள் அதன் உறவினங்கள். அவ்வண்டுகளின் பளிச்சிடும் நிறம், அவை உண்ணத் தகாதவை எனப் பறவைகளை எச்சரிக்கிறது. மின்மினிக்கோ ஒளியே மொழி. ஆண் மின்மினி ஒளிவிட்டுத் தன் இணையை அழைக்கிறது. கரையோரத்தில் விளக்குகள் பெருகினால், அந்த அழைப்பு இணையைச் சென்றடையாமல் போகலாம்.

மரத்தில் காணப்படுவது மின்மினியின் வாழ்வில் ஒரு பகுதி மட்டுமே. பெண் மின்மினி ஈரமான கரைமண்ணில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு, உதிர்ந்த இலைகளுக்கிடையே சிறு நத்தைகளை உண்டு வளர்கிறது. பின்னர், மண்ணிலேயே கூட்டுப்புழுவாகிறது. ஆகவே, பெரெம்பாங் மரங்களை மட்டும் விட்டுவைத்து, அவற்றின் பின்னாலுள்ள புதர்களை அழிப்பது வீட்டின் வாசலைக் காத்து அடுக்களையை இடிப்பதற்கு ஒப்பாகும்.

வளர்ச்சிக்கு நிலம் தேவை என்று சிலர் வாதிடலாம். அவ்வாதத்தைப் புறந்தள்ள இயலாது. மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலில் 1917இல் இதே மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் பயிரிடப்பட்டது. வட சிலாங்கூர்த் தோட்டங்களில் தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்துக் குடும்பங்களைக் காத்தனர். செம்பனை பலருக்குச் சோறு போட்டது உண்மை. எனினும், செம்பனையை ஆற்றின் விளிம்புவரை நட வேண்டிய கட்டாயமில்லை. கரையோரத்தில் ஒரு பகுதியை இயற்கையாகவே விட்டுவைத்தால் மண்ணரிப்பு குறையும். தோட்டத்து உரமும் பூச்சிக்கொல்லியும் ஆற்றில் கலப்பதும் தணியும். அதனால் தோட்டத்திற்கும் நன்மையே.

மின்மினிகள் மறைந்தால் படகோட்டிகளின் வருமானமும் மறையும். எனவே, கரையோரப் புதர்களை அழிக்காமல் விடுவதும், ஆற்றை நோக்கிய விளக்குகளைக் குறைப்பதும் தோட்ட நிருவாகத்தினர், கடைக்காரர்கள், குடியிருப்பாளர்கள் அனைவரின் கடமையாகும். சுற்றுப்பயணிகளும் படகில் கைவிளக்கைப் பயன்படுத்தாமல் அமைதி காக்க வேண்டும். கரையில் ஈரமும் நிழலும் இருக்கும்வரைதான் மரத்தில் ஒளி இருக்கும்.