கூடுதல் குதிரைக்கு ஒரு சான்றிதழ்

சென்னையிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலை திண்டிவனத்தில் மூன்றாகப் பிரிகிறது. ஒன்று புதுச்சேரிக்கும், ஒன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் போகிறது. மூன்றாவது கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி தாண்டி விழுப்புரத்தை அடைகிறது. ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் நான்குவழிப் பாதை. டர்போ செடான் வைத்திருப்பவருக்கு இதைப் பார்த்தால் கால் பரபரக்கும். விர்டஸ் ஜி.டி., ஸ்லாவியா, வெர்னா டர்போ என்று இன்று இருபது லட்சம் ரூபாய்க்குள்ளேயே 150, 160 குதிரைத்திறன் கிடைக்கிறது. கிடைத்ததும் பலருக்கு அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: இன்னும் கொஞ்சம் ஏற்றலாமா?

ஏற்றலாம். டர்போ எஞ்சினில் அது எளிது என்பதுதான் விஷயமே.

புகைபோக்கியில் வீணாகப் போகும் சூடான வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தச் சக்கரம், அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தைக் கொண்டு காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்டலாம், சக்தியும் கூடும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905ல் காப்புரிமை பெற்ற யோசனை இது. எவ்வளவு காற்றை அழுத்துவது, எப்போது தீப்பொறி விடுவது என்பதையெல்லாம் இன்று ஒரு சிறு கணினி முடிவு செய்கிறது. அதில் இருக்கும் எண்களை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். ஒரு லேப்டாப், ஒரு கேபிள், சில மணி நேரம் போதும். ட்யூனர்கள் இதை ஸ்டேஜ் ஒன் என்பார்கள். புகை வெளியேறும் டவுன்பைப்பையும், அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரையும் மாற்றினால் ஸ்டேஜ் டூ. டர்போவையே பெரிதாக்குவது அதற்கும் அடுத்த படி.

ஒரு பாகத்தைக் கூட்டினால் மற்ற பாகங்கள் அதைத் தாங்குமா என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. விர்டஸ் ஜி.டி.யின் 1.5 லிட்டர் எஞ்சின் தருவது 250 நியூட்டன் மீட்டர் டார்க். அதோடு வரும் ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டியின் குறியீடு டி.கியூ.200. உலர் கிளட்ச் கொண்ட அந்தப் பெட்டி வடிவமைக்கப்பட்டதே 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும்தான். கம்பெனியிலிருந்து வரும்போதே எஞ்சின் கியர்பாக்ஸின் எல்லையைத் தொட்டபடிதான் வருகிறது. இதற்கு மேல் ரீமேப்பில் ஏற்றும் ஒவ்வொரு நியூட்டன் மீட்டரும் கிளட்ச்சின் ஆயுளிலிருந்து எடுக்கும் கடன். விர்டஸ் போன்ற ஃபோக்ஸ்வேகன் குழும வண்டியில் மென்பொருள் மாறியிருப்பதை சர்வீஸ் சென்டர் கண்டுபிடித்தால் டி.டி.1 என்ற குறியைப் பதிவு செய்துவிடும். அதன் பிறகு எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வாரண்டி கேட்டுப் போவது கடினம்.

வெயிலையும் கணக்கில் வைக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரின் இதமான காலையில் சக்தியை அளக்கும் டைனோ மேடை காட்டும் எண், மே மாத விழுப்புரத்தில் அப்படியே கிடைக்காது. இங்கே நிழலிலேயே நாற்பது டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதை டர்போ அழுத்தும்போது இன்னும் சூடாகிறது. இன்டர்கூலர் திணறினால் எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடிக்கத் தொடங்கும். அந்தத் தட்டலை உணரும் சென்சார், எஞ்சினைக் காப்பாற்றச் சக்தியைக் குறைத்துவிடும். காசு கொடுத்து ஏற்றிய குதிரைகளை வெயிலில் கணினியே இறக்கிவிடுகிறது. உயர் ஆக்டேன் பெட்ரோலை நம்பி எழுதிய மேப்பாக இருந்தால், அந்தப் பெட்ரோல் எல்லாப் பங்கிலும் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அழகுக்குச் செய்யும் வேலையிலும் இதே கதைதான். வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங், பெரிய அலாய் வீல், ஸ்பாய்லர், நிறம் மாற்றும் வைனில் ஒட்டு ஆகியவை ஒரு சாதாரண செடானை எல்லோரும் திரும்பிப் பார்க்கும் வண்டியாக்குகின்றன. அந்த ஆசையில் தவறே இல்லை. ஆனால் டயரின் மொத்த விட்டம் மாறினால் ஸ்பீடோமீட்டர் தவறாகக் காட்டும். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012லேயே தடுத்துவிட்டது.

சட்டம் இன்னும் கறாரானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே என்றது. காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு இழப்பீட்டை மறுக்க ஒரு காரணமாகிவிடும்.

அப்படியென்றால் இந்த ஆசைக்கு நம் நாட்டில் நேர்வழியே இல்லையா? ஒரு முறை இருந்தது, அதுவும் கோயம்புத்தூரில்.

தேசிய அளவில் கார் பந்தயம் ஓட்டியவரான ஜெ. ஆனந்த் தொடங்கிய ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸுடன் 2017ல் கூட்டுச் சேர்ந்தது. 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி., டிகோர் ஜே.டி.பி. என்ற இரண்டு வண்டிகள் வந்தன. சாதாரண டிகோர் பெட்ரோல் செடானின் எஞ்சின் 85 குதிரைத்திறனும் 114 நியூட்டன் மீட்டரும் தந்தது. ஜே.டி.பி.யில் 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 114 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர். எஞ்சினோடு வேலையை அவர்கள் நிறுத்தவில்லை. சீக்கிரம் வேகமெடுக்க கியர் விகிதங்களை மாற்றினார்கள். சஸ்பென்ஷனை இறுக்கி வண்டியைச் சற்றே தாழ்த்தினார்கள். 15 அங்குல அலாய் வீல், பானட்டில் காற்றுத் துளைகள், இரட்டைக் குழாய் சைலன்சர், உள்ளே கறுப்பில் சிவப்புக் கோடுகள் என்று தோற்றத்தையும் விடவில்லை. ஒரு பொறியாளர் குழு முழு வண்டியையும் ஒன்றாக யோசித்துச் செய்த மாடிஃபிகேஷன் அது. வாரண்டி உண்டு, ஆர்.சி.யில் சிக்கல் கிடையாது. டிகோர் ஜே.டி.பி.யின் தொடக்க விலை டெல்லி ஷோரூமில் 7.49 லட்சம் ரூபாய்.

அது நீடிக்கவில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வருவதற்கு முன்பே உற்பத்தி நின்றது. கூட்டு முயற்சியும் முடிந்தது. வாங்க ஆளில்லை என்று மட்டும் சொல்ல முடியாது. அதே 2020ல் ஸ்கோடா கொண்டுவந்த 245 குதிரைத்திறன் ஆக்டேவியா ஆர்.எஸ். ஏறக்குறைய 36 லட்சம் ரூபாய் விலையிலும், இந்தியாவுக்கு வந்த 200 வண்டிகளும் விற்றுத் தீர்ந்தன. பணமுள்ளவருக்கு இறக்குமதி வண்டி இருக்கிறது. மற்றவருக்கு எஞ்சியிருப்பது லேப்டாப்பும் கேபிளும்தான்.

இந்த இடத்தில்தான் அரசு யோசிக்க வேண்டும். சி.என்.ஜி. கிட் பொருத்துவதற்கு ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் கிட்டைச் சோதித்து ஒப்புதல் தருகிறது, அனுமதி பெற்ற பட்டறை பொருத்துகிறது, ஆர்.டி.ஓ. அலுவலகம் ஆர்.சி.யில் பதிகிறது. எரிபொருளையே மாற்ற ஒரு வழி இருக்கும்போது, நல்ல பிரேக் கிட்டுக்கும், பெரிய இன்டர்கூலருக்கும், அளவான ரீமேப்புக்கும் அதே வழியை ஏன் திறக்கக் கூடாது? ஜெர்மனியில் சோதித்துச் சான்று பெற்ற உதிரிபாகத்தைப் பொருத்தி வண்டியின் ஆவணத்தில் பதிந்துகொள்ளும் நடைமுறை பல ஆண்டுகளாக இருக்கிறது. இங்கே சோதிக்க இடமும் உண்டு. திண்டிவனத்திலிருந்து சென்னை போகும் வழியில் சற்று விலகினால் ஒரகடம். அங்கே மத்திய அரசின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இயங்குகிறது.

இதை வலியுறுத்தக் காரணம் விழுப்புரம் சாலையிலேயே இருக்கிறது. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டினால் முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்குகூட இல்லாமல் இடப்பக்கம் ஊர்ந்து போகும். ஊர்ச்சாலையிலிருந்து டூவீலர்கள் குறுக்கே வரும். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு 140ல் தேவைப்படும். ரீமேப் செய்பவர்களில் எத்தனை பேர் அதே நாளில் பிரேக் பேடையும், பிரேக் ஆயிலையும், டயரையும் மாற்றுகிறார்கள்? விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பதும் இதே முண்டியம்பாக்கத்தில்தான். இந்தச் சாலையின் விபத்துகளில் அடிபட்டவர்கள் அங்கேதான் கொண்டுவரப்படுகிறார்கள்.

சான்றளிக்கும் முறை வந்தால் வரிசையைச் சட்டமே தீர்மானிக்கலாம். முதலில் பிரேக்கும் டயரும், பிறகு இன்டர்கூலர், கடைசியில் கியர்பாக்ஸ் தாங்கும் அளவுக்குள் ரீமேப். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றும் டவுன்பைப்புக்கு அனுமதி கூடாது, சத்தத்துக்கும் ஒரு எல்லை வேண்டும். முழு வேகத்தையும் பார்க்க நினைப்பவருக்கு இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. கோயம்புத்தூரில் கார் பந்தய வீரர் எஸ். கரிவரதன் பெயரில் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கிறது. வாகனங்களை மாற்றுவதற்கான விதிகளை வகுக்கும் அதிகாரத்தை 2019 திருத்தமே மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதைப் பயன்படுத்தி, டர்போ வண்டிகளுக்கான உதிரிபாகங்களுக்கு ஓர் ஒப்புதல் பட்டியலை வெளியிட வேண்டும். அந்தப் பட்டியல் திண்டிவனம், விழுப்புரம் ஆர்.டி.ஓ. அலுவலகங்களுக்கும் வந்து சேர வேண்டும்.